பல்சர் சண்டை

"ஏளா மங்கை, இந்த ஃபேன் எந்தப் பக்கம் சுத்துதுன்னு பார்த்துச் சொல்லேன்."

கஞ்சிக் கரண்டியைக் கணவரின் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டிருந்த மங்கையர்க்கரசிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. சூடு பண்ணிச் சூடு பண்ணி அவளுக்கே அலுத்துப்போன கஞ்சி அது.

"முதல்ல வாயைத் தொறங்க. ஃபேன் எங்கயும் ஓடிப் போயிராது."

"நீ சொன்னாத்தான் தொறப்பேன்."

ஹைதராபாத் சைனிக்புரி வீட்டின் முன்னறையில் கட்டிலைப் போட்டு, செல்லப்பாவை மல்லாக்கப் படுக்கவைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஈரல் போய்விட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும். செல்லப்பாவுக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது என்று நடிப்பதுதான் பார்க்க வருகிறவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது.

மங்கை அண்ணாந்து பார்த்தாள். "கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமா சுத்துது. போதுமா?"

"மாடியில நின்னு, தரையில ஒரு ஓட்டையப் போட்டுப் பார்த்தா?"

"மாடியில குடியிருக்க சாஃப்ட்வேர் பிள்ளைங்க ஓட்டை போட விடுமாக்கும்?"

"ஒரு பேச்சுக்குச் சொல்லு."

கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, மங்கை காற்றில் விரலைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு விரலை மூக்குக்குக் கீழே இறக்கி, மேலேயிருந்து குனிந்து பார்த்தாள். "மாறித்தான் தெரியும்."

செல்லப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மறுபடி சிரிப்பாயிற்று. "அவ்வளவுதான் விஷயம். நானும் சரி, அந்தக் கோட்டிக்காரனும் சரி. அஞ்சு வருஷமா ரெண்டு பேரும் ஒரே ஃபேனைத்தான் பார்த்திருக்கோம். நான் கீழேருந்து, அவன் மேலேருந்து. செவ்வாக்கிழமை கரண்டு போச்சுல்லா, ஃபேன் மெதுவாச்சு, அப்பத்தான் பொறி தட்டிச்சு."

எந்தக் கோட்டிக்காரன் என்று மங்கை கேட்கவில்லை. இந்த வீட்டில் அஞ்சு வருஷமாகப் பெயர் சொல்லப்படாத கோட்டிக்காரர் தேவசகாயம் ஒருவர்தான்.

செல்லப்பா அரசாங்க எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் ஆண்டெனா இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். தேவசகாயம் பல்கலைக்கழகத்தில் வானியல் வாத்தியார். இருவருக்கும் பாளையங்கோட்டை. ஏதோ ஒரு பொங்கல் விழாவில், "எந்த ஊருவே?" என்று ஆரம்பித்த பழக்கம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுகிற அளவுக்கு வளர்ந்து, கடைசியில் பல்சரில் வந்து நின்றது.

மங்கைக்குப் புரிந்தவரை கதை இதுதான். ஒரு பெரிய நட்சத்திரம் செத்துச் சுருங்கி, ஓர் ஊர் அளவுக்கு ஆகி, பம்பரமாய்ச் சுற்றும். அதன் ரேடியோ அலை கலங்கரை விளக்கின் வெளிச்சம் மாதிரி பூமியின் மேல் பட்டுப் பட்டுப் போகும். அதற்குத்தான் பல்சர் என்று பெயர். "செத்த பிறகுதாம்ளா அது ஒழுங்கா வேலை பாக்குது" என்பார் செல்லப்பா. வருகிற துடிப்பு ஒவ்வொன்றும் ஒரு வடிவம். ஒன்று குட்டையாக இருக்கும், ஒன்றுக்கு இரட்டைத் திமில் இருக்கும், ஒன்று வராமலே டிமிக்கி கொடுத்துவிடும். ஆயிரக்கணக்கில் சேர்த்துச் சராசரி எடுத்தால் மட்டும் எப்போதும் ஒரே வடிவம் வரும். அதுதான் அந்தப் பல்சரின் முகம். அதோடு விட்டார்களா? அந்த அலை எந்தச் சாய்வில் அதிர்கிறது என்றும் அளந்தார்கள். துடிப்பு கடந்து போகிற கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அந்தச் சாய்வு மெல்லத் திரும்புமாம். எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதில்தான் குடி கெட்டது.

புனே பக்கத்துப் பெரிய தொலைநோக்கியில் இருவரும் போய் அளந்துகொண்டு வந்த பல்சர் அது. செல்லப்பா அளந்த கணக்கில் சாய்வு இடப்பக்கம் திரும்பியது. தேவசகாயத்தின் சூத்திரத்தில் வலப்பக்கம் திரும்பியது. "உம்ம சூத்திரம் தப்புவே" என்றார் இவர். "நீரு ஒயரை மாத்திச் சொருகியிருப்பீரு" என்றார் அவர். ஆண்டெனாக்காரனைப் பார்த்து ஒயரை மாற்றிச் சொருகினாய் என்று சொல்லலாமா? சொன்னது இந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், மங்கை வைத்த தேங்காய்ப்பால் சொதியைப் பாதி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. தேவசகாயம் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போனார். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அச்சுக்குப் போகவேயில்லை. அவர்கள் பல்சருக்காகப் பேசாமல் இருந்தார்கள். மங்கை சொதிக்காகப் பேசாமல் இருந்தாள். பக்கத்து வீட்டுக் கர்னல் மட்டும், ஒரு மோட்டார் பைக்கை வாங்கி விற்றதில் ஏதோ தகராறு என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருந்தார்.

"இப்பவே போன் பண்ணுதேன்" என்று மங்கை எழுந்தாள். அவளுக்கு மனசு துள்ளியது. "ரெண்டு பேரும் சரியாம் அண்ணாச்சின்னு சொன்னா ஓடி வந்திருவாக."

"போன் பண்ணு. வரச் சொல்லு. ஆனா இதை மட்டும் மூச்சு விடாத."

"ஏன்?"

"சொல்லிட்டா சண்டை முடிஞ்சிரும்லா?"

"முடியட்டுமே!"

செல்லப்பா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தாலும் குறும்பு குறையவில்லை. "இந்த ஒரு வாரமா எத்தனை பேரு வந்தான்? ஒருத்தனாவது தொண்டையைத் தொறந்து பேசினானா? உசிரோட இருக்கவன்கிட்டயே சாவு வீட்டுக்குத் துஷ்டி கேக்க வந்த மாதிரி பேசுதானுவ. கர்னல்கூட மெதுவாப் பேசுதாரு, அவரு கொரலு தார்னாக்கா வரைக்கும் கேக்கும். சண்டை முடிஞ்சிட்டா தேவசகாயமும் அப்படித்தான் உக்காருவான். கையைப் பிடிச்சுக்கிட்டு, 'ஒண்ணுமில்லவே, சரியாயிரும்'பான். எனக்கு வேண்டாம். எனக்கு ஒருத்தனாவது என்னைப் பார்த்துக் கத்தணும்."

மங்கை குனிந்து கஞ்சியைக் கிண்டினாள்.

"என் மேல சத்தியம் பண்ணு, சொல்ல மாட்டேன்னு."

"நீங்க கெடக்க கெடையில உங்க மேல சத்தியம் பண்ணி என்ன பிரயோசனம்?"

அவர் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். திறந்த வாயில் அவள் கஞ்சியை ஊற்றினாள்.

லாலாகுடாவில் போனை எடுத்தது தேவசகாயத்தின் மனைவி புஷ்பா. ரயில்வே ஆஸ்பத்திரியில் சிஸ்டராக இருந்தவள், விஷயத்தை ஒரு வரியில் புரிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் முணுமுணுப்பு.

"மதினி, 'மன்னிப்புக் கேக்கவா கூப்பிடுதாரு'ன்னு கேக்காரு."

மங்கை ரிசீவரைப் பொத்திக்கொண்டு கட்டிலைப் பார்த்தாள்.

"மன்னிப்பு அவன்தான் கேக்கணும்னு சொல்லு" என்றார் செல்லப்பா.

சொன்னாள். அந்தப் பக்கம் நாற்காலி தள்ளப்படும் சத்தமும் சாவிக்கொத்துச் சத்தமும் கேட்டன. "கிளம்பிட்டாரு மதினி" என்றாள் புஷ்பா. "நானும் பின்னாலயே ஏறிக்கிடுதேன். இல்லன்னா தார்னாக்கா சிக்னல்லயே யார்கூடயாவது சண்டை போட்டிருவாரு."

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு காதில் ஹெட்செட்டோடு இருந்த மகள் பத்மப்ரியா எழுந்து வந்தாள். கச்சிபௌலி ஆபீசிலிருந்து லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தாலும் வேலை அவளை விட்டபாடில்லை. அவள் பிறந்தது, படித்தது எல்லாம் ஹைதராபாத்தில். அவள் தமிழுக்குப் பாளையங்கோட்டையும் இல்லை, வேறு கோட்டையும் இல்லை; பாதி உருது, பாதி தெலுங்கு.

"கைக்கு அம்மா, ஏன் இதெல்லாம்? டாக்டர் டென்ஷன் நக்கோன்னு சொன்னார் கதா?"

"டாக்டர் அவரை வீட்டுக்கு அனுப்பிட்டாரு. இனிமே நான்தான் டாக்டர்" என்று சொல்லிவிட்டு மங்கை தேங்காய் துருவப் போனாள்.

தேவசகாயம் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அஞ்சு வருஷத்துக்கு முன் மேஜையைத் தட்டிப் பேசிய ஆகிருதி, போர்வைக்குள் பாதியாகக் கிடந்தது. தேவசகாயத்தின் முகம் கோணியது. குரல் இறங்கியது.

"என்னவே... உடம்புக்கு... இப்ப எப்படி இருக்கு?"

போச்சு, துஷ்டிக் குரல் வந்துவிட்டது என்று மங்கை வாசற்படியில் நின்றபடி பல்லைக் கடித்தாள்.

செல்லப்பா கண்ணைத் திறக்கவில்லை. "உடம்பு கெடக்கட்டும். நீரு இன்னும் அந்த வெளங்காத சூத்திரத்தைத்தான் வச்சு வடை சுட்டுட்டு இருக்கீரா?"

தேவசகாயத்தின் காது நுனி சிவப்பதை மங்கை பார்த்தாள்.

"எது வெளங்காத சூத்திரம்?"

"உம்ம சூத்திரம்."

"உம்ம ஒயரைவிட அது எவ்வளவோ தேவலை!"

"ஒயரைப் பத்திப் பேசாதேயும். நான் சொருகின ஒயரு ராக்கெட்லயே போயிருக்கு!"

"ராக்கெட்டு எந்தப் பக்கம் போச்சுன்னு யாருவே பார்த்தா?"

அப்புறம் மழைதான். தேவசகாயம் ஹெல்மெட்டைத் தரையில் வைத்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார், உட்காரவில்லை. செல்லப்பா தலையணையை உயர்த்தச் சொன்னார். பத்மப்ரியா ஹெட்செட்டைப் பொத்திக்கொண்டு, "சாரி, டீவி சத்தம்" என்று யாருக்கோ சமாதானம் சொன்னாள். மதிலுக்கு அந்தப் பக்கம் கர்னலின் தலை தெரிந்தது. "பாபிஜி, ஆல் ஓக்கே?" என்று கேட்டார். மங்கை பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

ஒரு கட்டத்தில் தேவசகாயம் கட்டிலின் மேல் குனிந்து, "இப்படித்தாம்வே திரும்பும், இப்படி!" என்று கையை நீட்டித் திருப்பிக் காட்டினார். கீழே மல்லாந்து கிடந்த செல்லப்பா, "இல்லவே, இப்படி!" என்று தன் கையைத் தூக்கித் திருப்பினார். இரண்டு கைகளும் ஒன்றுக்கு எதிரே ஒன்றாக அந்தரத்தில் திரும்பின. பக்கவாட்டில் தட்டும் சொதிக் கிண்ணமுமாக நின்ற மங்கைக்கு எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. இரண்டும் ஒரே பக்கம்தான் திரும்பிக்கொண்டிருந்தன. உண்மை அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. செல்லப்பா ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, தேவசகாயத்தின் கையில் தட்டைத் திணித்தாள்.

"இந்தத் தடவை முடிச்சிட்டுத்தான் எந்திரிக்கணும். சொல்லிட்டேன்."

"சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்லா தங்கச்சி" என்றவர், சொதியும் இஞ்சித் துவையலுமாகப் பிசைந்து விழுங்கி, இரண்டாம் தரம் வாங்கி, அதையும் விழுங்கி, இடையிடையே செல்லப்பாவை முட்டாள் என்றார், மூடர் என்றார், மூத்திரச்சந்து எலெக்ட்ரீஷியன் என்றார். செல்லப்பா ஒரு கரண்டி சொதி கேட்டுச் சாப்பிட்டார். ஒரு வாரமாக அவர் தானாகக் கேட்டுச் சாப்பிட்டது அது ஒன்றுதான். முகத்தில் ரத்தம் ஓடியது. புஷ்பா அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு மங்கையை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் மங்கைக்குப் புரிந்தது. இருந்தாலும் அவளுக்கு அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தேவசகாயம் ஹெல்மெட்டை எடுத்தார். "நாளைக்குக் காலையில என் மொத்தக் கணக்கையும் கொண்டாந்து உம்ம மூஞ்சில எறியுதேன். பார்த்துச் சாவும்!"

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. வாய் திறந்தபடி நின்றார்.

"கொண்டாரும்வே" என்றார் செல்லப்பா, ரொம்பத் திருப்தியாக.

ஸ்கூட்டர் சத்தம் தெருவில் தேய்ந்ததும் அவர் காப்பி கேட்டார். இரண்டு வாய் குடித்தார். "நல்லாக் கத்துனான், இல்லியா?"

"தெருவே கூடிருச்சு."

"தொண்டை அப்படியே இருக்கு அவனுக்கு."

டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு அவள் திரும்பியபோது அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லுவார் என்று நின்றாள். சொல்லவில்லை. மங்கை உடனே யாரையும் கூப்பிடவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கை இன்னும் சூடாகத்தான் இருந்தது. அழுகை வந்தது, அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பத்மா" என்று கூப்பிட்டாள்.

மறுநாள் காலை வீட்டைக் கர்னல் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஐஸ் பெட்டி, வாசலில் ஷாமியானா, நாற்காலிகள், வண்டி எல்லாம் அவர் போட்ட உத்தரவில் வரிசையாக வந்து இறங்கின. மகன் சங்கர் பெங்களூரிலிருந்து முதல் விமானத்தில் வந்து சேர்ந்தான். தூரத்துச் சொந்தமான வசந்தகுமாரி, சாவுச் சடங்கு சம்பந்தமான எல்லாச் சட்டங்களையும் அறிந்தவள், மங்கையைப் பெட்டியின் தலைமாட்டில் உட்காரவைத்து, "எடுக்குத வரைக்கும் இங்கேருந்து அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டாள்.

வந்தவர்கள் ஆளுக்கொரு செல்லப்பாவைச் சொன்னார்கள். ஆபீஸ்காரர்கள் சொன்ன செல்லப்பா சிரிக்கவே மாட்டார், கோப்பில் ஒரு புள்ளி தவறினால் திருப்பி எறிந்துவிடுவார். கர்னல் சொன்ன செல்லப்பா மதிலுக்கு மேலே ஜோக் சொல்லியே மனுஷனைக் கொல்லுவார். சங்கரின் செல்லப்பா மார்க் குறைந்தால் பேசாமல் இருப்பார். பத்மாவின் செல்லப்பாவுக்கு மகள் எது கேட்டாலும் இல்லை என்று சொல்ல வராது. இவர்கள் சொல்வதையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்தால் என் வீட்டுக்காரர் வந்துவிடுவார் என்று மங்கைக்குத் தோன்றியது. அவளுக்கே அது வேடிக்கையாக இருந்தது. வசந்தகுமாரி பார்க்கிறாளே என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அப்போது புஷ்பா வந்து காதருகே குனிந்தாள். "மதினி, அவரு கேட்டுக்கு வெளிய நிக்காரு. உள்ள வர மாட்டேங்காரு."

"ஏனாம்?"

"'நான்தான் கொன்னுட்டேன்'னு சொல்லுதாரு. 'பார்த்துச் சாவும்'னு வேற சொன்னேன்னு ஒரே அழுகை. அப்படியெல்லாம் இல்லன்னு நானும் சொல்லிப் பார்த்துட்டேன். நேத்தே அண்ணாச்சிக்கு நாடி விழுந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. கேட்டாத்தான?"

கர்னல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடுவார்கள். அவள் சுடுகாட்டுக்குப் போக முடியாது. அந்த மனுஷன் இப்படியே ஒரு பாவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் வாழ்நாளுக்கும் அதை இறக்கிவைக்க மாட்டார். மங்கை எழுந்தாள்.

"ஏ மங்கை! எந்திரிக்கக் கூடாதுன்னு சொன்னேம்லா!" என்றாள் வசந்தகுமாரி.

"இதோ வந்திருதேன். அவுக எங்கயும் போயிர மாட்டாக."

தேவசகாயம் கேட்டின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் ஒரு பாலித்தீன் பை, அதில் கத்தையாகக் காகிதங்கள். அவளைப் பார்த்ததும் கைகூப்பினார்.

"நான் வந்திருக்கவே கூடாது தங்கச்சி. சாகக் கெடக்க மனுஷன்கிட்டப் போயி... கத்திக் கத்தியே கொன்னுட்டேன்."

"கத்தத்தான் கூப்பிட்டாக."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க சொன்னதும் சரியாம், அவுக சொன்னதும் சரியாம். அவுக கீழேருந்து நட்சத்திரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டாகளாம். உங்க சூத்திரம் நட்சத்திரத்துலேருந்து கீழ பாக்குத மாதிரியாம். ஃபேனைப் பார்த்துக் கண்டுபிடிச்சாக. நீங்க வர்றதுக்கு முன்னாலயே எங்கிட்டச் சொல்லிட்டாக."

தேவசகாயம் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலக்கையை முகத்துக்கு நேரே தூக்கித் திருப்பினார். தலையை அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். இந்தப் பக்கம் கொண்டுவந்து பார்த்தார். ஷாமியானாவில் உட்கார்ந்திருந்தவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"அட!" என்றார். "அட, அட! எப்பத் தெரிஞ்சுது அவருக்கு?"

"செவ்வாக்கிழமை."

"செவ்வாக்கிழமையா? நேத்து வியாழக்கிழமைல்லா! அப்ப தெரிஞ்சுக்கிட்டேதான் சாயங்காலம் வரைக்கும் என்னை அந்தக் கத்துக் கத்த விட்டாரா?"

"ஆமா. சொல்லிட்டா நீங்க மெதுவாப் பேச ஆரம்பிச்சிருவீகளாம். மத்தவுக மாதிரி."

அவர் மறுபடி தூணைப் பிடித்துக்கொண்டார். உதடு துடித்தது. அழுகிறாரோ என்று பார்த்தாள். அழத்தான் செய்தார். அழுதுகொண்டே சிரித்தார். பிறகு செருப்பை உதறிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்ப் பெட்டியின் கண்ணாடிமேல் இரண்டு கையையும் ஊன்றினார்.

"ஏல செல்லப்பா!"

இத்தனை வருஷமாக மரியாதைக்கு இருந்த "வே" போயிருந்தது. கூடம் திடுக்கிட்டது.

"திருட்டுப் பயலே! தெரிஞ்சுக்கிட்டே என்னை முட்டாளாக்கிட்டியே! எந்திரிச்சு வந்து சொல்லுல! ஃபேனாம்ல ஃபேனு! அஞ்சு வருஷம்ல! ரெண்டு கோட்டிக்காரப் பயலும் அஞ்சு வருஷத்தை வீணாக்கிட்டோமேல!"

வசந்தகுமாரி நெஞ்சில் கைவைத்தாள். சங்கர் அவரைப் பிடிக்கப் போனான். கர்னல் அவன் தோளில் கையைப் போட்டு நிறுத்தினார். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. "ரோனே தோ பேட்டா" என்றார். "யார் தா உஸ்கா." அழட்டும் விடு, அவன் சினேகிதனாச்சே என்று அர்த்தம்.

பத்மா மட்டும் அம்மாவைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

எடுக்கும்போது பின்பக்கத்து வலது தோளைத் தேவசகாயம் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கர்னல் பட்டாளத்துக் குரலில் "லிஃப்ட்!" என்றார். தெருமுனையில் நின்ற வண்டிவரை தேவசகாயம் பாடையோடு பேசிக்கொண்டே போனார்.

சாயங்காலம் ஆண்கள் குளித்துவிட்டு வந்தார்கள். வீடு கழுவியிருந்தது, தரை இன்னும் காயவில்லை. கட்டில் கிடந்த இடத்தில் விளக்கு எரிந்தது. ஒவ்வொருவராக வந்து விளக்கைக் கும்பிட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வெளியேறினார்கள். சாவு வீட்டில் "போயிட்டு வாறேன்" என்று யாரும் சொல்லக் கூடாது. வீட்டுக்காரர்களும் "வாங்க" என்று சொல்லக் கூடாது. அந்தச் சட்டம் வசந்தகுமாரி சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். கர்னலுக்குக்கூட யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சல்யூட் மாதிரி ஒன்று வைத்துவிட்டுப் பேசாமல் போனார்.

கடைசியாகத் தேவசகாயம் வந்து நின்றார். வேதக்காரர், கிறிஸ்தவர்தான், ஆனால் பாளையங்கோட்டைக்காரர். விளக்கைப் பார்த்துத் தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் நின்றார். ஈரத்தலை, தோளில் துண்டு. கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. மங்கையைப் பார்த்து வாயைத் திறந்தார், ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். புஷ்பா ஏற்கெனவே கேட்டருகே போயிருந்தாள்.

அவர் முதுகைப் பார்த்தபோது மங்கைக்குத் திடீரென்று பயம் வந்தது. நேற்றிலிருந்து அழுகை வந்திருக்கிறது, சிரிப்பு வந்திருக்கிறது, பயம் இப்போதுதான் வந்தது. சண்டை தீர்ந்துவிட்டது. இனி இவருக்கு இந்த வீட்டில் என்ன வேலை? பதினாறாம் நாள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வருவார். தாழ்ந்த குரலில் "எப்படி இருக்கீக தங்கச்சி" என்பார். அதோடு சரி. சங்கர் பெங்களூருக்குப் போய்விடுவான், பத்மா கச்சிபௌலிக்குப் போய்விடுவாள். வருகிறவர்கள் எல்லாம் துஷ்டிக் குரலில் பேசிவிட்டுப் போவார்கள். செல்லப்பா ஒரு வாரம்கூடத் தாங்காத குரல். அவள் எத்தனை வருஷம் தாங்க வேண்டுமோ?

"அண்ணாச்சி."

அவர் வாசற்படியில் நின்று திரும்பினார்.

"அவுக இன்னொண்ணும் சொன்னாக."

"என்ன?"

"ரெண்டு பேரும் சரின்னாலும், உங்க கணக்குல வேற ஒரு இடத்துல தப்பு இருக்காம்."

தேவசகாயத்தின் கண் விரிந்தது. போன குரல் எங்கிருந்தோ திரும்பி வந்தது. "என் கணக்குலயா? தப்பா? எந்த இடத்துல?"

அடுக்களையிலிருந்து வசந்தகுமாரி எட்டிப் பார்த்தாள்.

"அதெல்லாம் இப்பச் சொல்லுத நெலமையிலயா நான் இருக்கேன்?" என்றாள் மங்கை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீங்களே உக்காந்து நல்லாப் பாருங்க. தெரியலைன்னா... நான் இங்கதான இருக்கேன்."

"அதெப்படி தப்பு வரும்? நான் நாலு தடவை..." என்று ஆரம்பித்தவர், விளக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. பாலித்தீன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேகமாகப் படியிறங்கினார்.

பத்மா பக்கத்தில் வந்து நின்றாள். "நிஜமா அப்பா அப்படிச் சொன்னாராம்மா?"

"இல்ல."

"அம்மா!"

"இத்தாந்தண்டி கணக்கு. அதுல எங்கயாச்சும் ஒரு தப்பு இல்லாமலா இருக்கும்?"

பத்மா ஏதோ சொல்ல வந்தாள். மங்கை கையமர்த்திவிட்டு வாசல் பக்கம் காதைத் திருப்பினாள். கேட்டுக்கு வெளியே காகிதம் புரளும் சத்தமும், "வீட்டுக்குப் போயிப் பார்க்கலாம், ஏறுங்க" என்ற புஷ்பாவின் குரலும் கேட்டன. ஸ்கூட்டர் இன்னும் கிளம்பவில்லை.